முன்பக்கம் அரசன், பின்பக்கம் நெருப்பு

சனி, தெஹ்ரான்

ஈரானுக்கு வருகிறவர்கள் பெர்சிபோலிஸ் தூண்களையும் இஸ்ஃபஹான் மசூதிகளையும் பார்க்க வருவார்கள். நான் காசுகளைப் பார்க்க வந்திருக்கிறேன். விரல் நுனி அளவு வெள்ளியில் அடித்த அரசனும் மகுடமும் நெருப்பு மேடையும் இந்த நாட்டுப் பாறைகளில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கின்றன. காசையும் பாறையையும் அடுத்தடுத்துப் பார்த்தால் என்ன புரியும் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம். கூட வந்திருப்பது என் அக்கா. நகை மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு வரலாற்றில் இருக்கும் ஆர்வம் அவளுக்கு எடையிலும் மாற்றிலும் உண்டு.

காலையில் பாகே மெல்லி வாசலைக் கடந்து மாலிக் அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஹுசைன் ஆகா மாலிக் என்ற செல்வந்தர் தன் நூல்களையும் சேகரிப்புகளையும் பொதுமக்களுக்கென்று 1937இல் எழுதிவைத்ததால் உருவான இடம். காசுக் கூடத்தில் கூட்டம் இல்லை. கண்ணாடியில் மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்க்க முடிந்தது.

முதலில் சிக்ளோஸ், அலெக்சாண்டருக்கு முன் ஆண்ட அகாமனிசியப் பாரசீக அரசர்களின் காசு. வெள்ளி, ஐந்தரை கிராம் அளவு, புளியங்கொட்டை மாதிரி ஒழுங்கில்லாத வடிவம். அதில் ஓர் ஆள்: தலையில் மகுடம், உடம்பில் நீண்ட அங்கி, முதுகில் அம்பறாத்தூணி, ஒரு கையில் வில், மறு கையில் ஈட்டி. ஒரு முழங்காலை மடக்கியிருக்கிறான். ஓடுகிறான் என்றும் சொல்லலாம், மண்டியிடுகிறான் என்றும் சொல்லலாம். பின்பக்கத்தில் உருவமே இல்லை. அச்சடித்தபோது பதிந்த நீள்சதுரக் குழி மட்டும். இதே வில்லாளி தங்கத்தில் வந்தால் அது டாரிக். எடை 8.4 கிராம். 20 சிக்ளோஸுக்கு ஒரு டாரிக்.

"அப்போ ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேலே. மாற்று எவ்வளவு?" என்றாள் அக்கா.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் என்றேன்.

"23 காரட்டா? அந்தக் காலத்துல எப்படிடா இவ்வளவு சுத்தம் பண்ணினாங்க?"

அந்தத் தொழில்நுட்பம் பாரசீகர்கள் கண்டுபிடித்ததில்லை. இன்றைய துருக்கியில் இருக்கும் சார்திஸ் நகரத்தில், லிடியா நாட்டு அரசர்கள் காலத்திலேயே, ஆற்றில் கிடைத்த தங்கத்தை உப்போடு சேர்த்துச் சூடேற்றி அதிலிருந்த வெள்ளியைப் பிரித்தெடுத்தார்கள். அந்த உலைகளை அகழாய்வில் கண்டெடுத்திருக்கிறார்கள். லிடியாவின் குரோசஸ் தங்கத்துக்குத் தனி, வெள்ளிக்குத் தனி என்று காசு அடித்தான். சிங்கமும் காளையும் முகத்துக்கு முகம் பார்த்து நிற்கும் காசு. கி.மு. 546 வாக்கில் பாரசீக அரசன் சைரஸ் சார்திஸைப் பிடித்தபோது காசு அடிக்கும் அந்த அக்கசாலையும் சேர்ந்து பாரசீகர் கைக்கு வந்தது. சிங்கமும் காளையும் போய் வில்லாளி வந்தது அதற்கும் பல ஆண்டுகளுக்குப் பிறகு, முதலாம் டேரியஸ் காலத்தில்.

இந்த வில்லாளி எந்த அரசன்? முகத்தை வைத்துச் சொல்லவே முடியாது. டேரியஸ் தொடங்கி அலெக்சாண்டர் வரும்வரை, ஏறக்குறைய 180 ஆண்டுகள், கையில் இருக்கும் ஆயுதம் மாறியிருக்கிறது. ஆள் மாறவே இல்லை. பெயரும் எழுதவில்லை. அரசர்கள் வருவார்கள் போவார்கள், அரசு என்பது வில்லேந்திய ஓர் உருவம் என்று அவர்கள் நினைத்ததாகவே எனக்குப் படுகிறது. கிரேக்கர்களுக்கும் அந்த உருவம்தான் மனதில் பதிந்திருந்தது. ஸ்பார்ட்டா அரசன் அகெசிலாஸ் ஆசியா மைனரில் படையோடு இருந்தபோது, பாரசீகத் தங்கம் கிரேக்க நகரங்களுக்குள் போய் அவனுக்கு எதிராகப் போரைக் கிளப்பியது. ஊர் திரும்ப நேர்ந்த அவன், ஆயிரக்கணக்கான வில்லாளிகள் என்னை ஆசியாவிலிருந்து விரட்டிவிட்டார்கள் என்று சொன்னதாகக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

அடுத்த பெட்டிகளில், கிரேக்கர்களுக்குப் பின் ஈரானை ஆண்ட பார்த்தியர் காசுகள். இடப்பக்கம் பார்க்கும் அரசன் தலை. பின்பக்கத்தில் வில்லோடு உட்கார்ந்திருக்கும் ஒருவன். சுற்றிலும் கிரேக்க எழுத்தில் நீண்ட பட்டங்கள். அரசர்க்கரசன், நீதிமான், கிரேக்கர் நண்பன் என்றெல்லாம் போகும். நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட வம்சம். ஆனால் என் மனம் இந்தக் காசுகளில் தங்குவதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு, ராணி மூசா. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் பரிசாக அனுப்பிய அடிமைப் பெண் அவள் என்று வரலாற்றாசிரியர் ஜோசபஸ் சொல்கிறார். மகன் பிராட்டசஸ் அரசனானபோது காசின் ஒரு பக்கம் அவன், மறு பக்கம் அவள்.

அப்புறம் சாசானியர். இங்கே வந்ததும் நான் நின்றுவிட்டேன்.

கி.பி. 224இல் சாசானிய வம்சத்தைத் தொடங்கிய அர்தஷிர் கடைசிப் பார்த்திய அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடித்தான். அவன் காசில் எல்லாமே புதிது. அரசன் வலப்பக்கம் பார்க்கிறான். எழுத்து கிரேக்கம் இல்லை, அந்தக் காலப் பாரசீக எழுத்தான பகலவி. வாசகம் இது: மஸ்தாவை வணங்குபவன், அர்தஷிர், ஈரானின் அரசர்க்கரசன், கடவுளர் வழித்தோன்றல். மஸ்தா என்பது சரத்துஸ்தர் தொடங்கிய மதத்தின் கடவுள் அகுரா மஸ்தா. திருப்பினால் ஒரு நெருப்பு மேடை. அதன் அருகே, அர்தஷிரின் நெருப்பு என்று எழுதியிருக்கிறது. பொதுவான தெய்வ நெருப்பு இல்லை அது. அரசனுடைய சொந்த நெருப்பு.

முன்பக்கத்தில் கவனிக்க வேண்டியது மகுடம். சாசானிய அரசன் ஒவ்வொருவனுக்கும் தனி மகுடம் உண்டு. அர்தஷிரின் மகன் முதலாம் ஷாபூருக்குக் கோட்டைச் சுவர் போல் படிப்படியான விளிம்பு. முதலாம் பஹ்ராமுக்குச் சூரியக் கதிர்கள். இரண்டாம் பஹ்ராமுக்குச் சிறகுகள். கூடவே ராணியும் இளவரசனும் அதே காசில் நிற்பார்கள். இந்தச் சின்னங்களை அகுரா மஸ்தா, மித்ரா, வெற்றித் தெய்வம் வெரத்ரக்னா, நீரின் தேவி அனாகித்தா ஆகியோரோடு அறிஞர்கள் இணைத்துப் பார்க்கிறார்கள். இரண்டாம் குஸ்ரோ 590இல் அரியணை ஏறியபோது ஒரு மகுடம். கிளர்ச்சி செய்த தளபதி பஹ்ராம் சோபினிடம் ஆட்சியை இழந்து, அடுத்த ஆண்டு திரும்பி வந்தபின் சிறகு முளைத்த வேறு மகுடம்.

முகத்தை யாரும் பார்க்க வேண்டாம், மகுடத்தைப் பார்த்தால் போதும். வரும் நாட்களில் பாறைகளுக்கு முன்னால் நிற்கும்போது இது வேண்டியிருக்கும், நினைவில் வைத்திருங்கள்.

ஞாயிறு, தெஹ்ரானிலிருந்து ஷிராஸ்

தேசிய அருங்காட்சியகம் காலையில். சிவப்புச் செங்கல் கட்டடம், 1937இல் திறந்தது. ஆந்த்ரே கொதார் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் அதன் முகப்பு வளைவைத் தலைநகர் டெசிபோனில் இருந்த சாசானிய அரண்மனை வளைவின் சாயலில் அமைத்தார். உள்ளே பார்த்ததை எழுதினால் இந்தப் பதிவு முடியாது.

மதியம் அக்காவின் விருப்பப்படி நகைக் கடைத் தெரு. வெளிநாட்டு அட்டைகள் எதுவும் இந்த நாட்டில் வேலை செய்யாது, எல்லாம் ரொக்கம், அதனால் வாங்குகிற எண்ணம் இல்லை. கண்ணாடிப் பெட்டிகளில் பஹாரே ஆசாதி என்ற ஈரானியத் தங்கக் காசுகள் வரிசையாக இருந்தன. 8.13 கிராம், 900 மாற்று. திருமண ஒப்பந்தத்தில் மணமகன் தருவதாக எழுதும் மஹரை இங்கே இத்தனை காசு என்று இந்தக் காசின் கணக்கில்தான் சொல்கிறார்கள். கல்யாணப் பேச்சில் எத்தனை பவுன் என்று கேட்டுப் பழகிய ஊரிலிருந்து வந்த எங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. யார் தருவது என்பதில்தான் வேறுபாடு. அக்கா ரொம்ப நேரம் அந்தக் காசைப் பார்த்துவிட்டு, "நேத்து பார்த்த டாரிக்கும் இதுவும் எடையில பக்கத்துப் பக்கத்துல வருது பார்," என்றாள். கால் கிராம் சொச்சம்தான் வித்தியாசம். இரண்டுக்கும் வம்சாவளி எதுவும் கிடையாது. ஆனாலும் உள்ளங்கையில் வைத்தால் கனம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும்.

மாலை விமானத்தில் ஷிராஸ்.

திங்கள், தக்தே ஜம்ஷித்

பெர்சிபோலிஸ் என்று உலகம் சொல்லும் இடத்தை ஈரானியர்கள் தக்தே ஜம்ஷித் என்கிறார்கள். ஷிராஸிலிருந்து 60 கிலோமீட்டர் அளவு. வெயில் ஏறும் முன்பே போய்விட வேண்டும் என்று ஓட்டுநர் சொன்னார். அவர் சொன்னது சரி. ஒன்பது மணிக்கெல்லாம் கல் சுட ஆரம்பித்துவிட்டது.

நேராக அபதானா என்ற அரசவை மண்டபத்தின் கிழக்குப் படிக்கட்டுக்குப் போனோம். பேரரசின் 23 நாட்டுத் தூதுக் குழுக்கள் அரசனுக்குக் காணிக்கை கொண்டுவரும் காட்சி அங்கே செதுக்கியிருக்கிறது. காப்பு, துணி, குடம், ஆட்டுக்கடா, இரட்டைத் திமில் ஒட்டகம். இந்தியர்கள் காவடிபோல் தோளில் தூக்கிவரும் சின்னக் கூடைகளில் இருப்பது பொன் துகள் என்கிறார்கள். எல்லாப் பேரரசுப் பகுதிகளிலும் இந்தியாவிலிருந்துதான் அதிகத் திறை, ஆண்டுக்கு 360 தாலந்து (பழைய எடை அளவு) பொன் துகள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியதோடு இது பொருந்துகிறது. நான் ஒவ்வொரு குழுவாகத் தேடிப் பார்த்தேன். யார் கையிலும் காசு இல்லை.

காரணம் உண்டு. டாரிக்கும் சிக்ளோஸும் புழங்கியது பெரும்பாலும் ஆசியா மைனர் பக்கம், கிரேக்கர்களோடு கொடுக்கல் வாங்கல் இருந்த மேற்கில். பாரசீகத்தின் நடுநெஞ்சில் இந்தக் காசுகள் அவ்வளவாகப் புழங்கவில்லை. இங்கே கோட்டைச் சுவருக்குள் கிடைத்த ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளில் வேலைக்காரர்களுக்குக் கொடுத்த கூலி எழுதியிருக்கிறது: வாற்கோதுமை, திராட்சை மது, சில சமயம் ஆடு. பிந்திய பலகைகளில் வெள்ளி வருகிறது, அதுவும் எடைக் கணக்கில். ஆனால் ஒரு பலகையில் மட்டும் யாரோ ஒருவர் முத்திரைக்குப் பதிலாகச் சிக்ளோஸ் காசையே ஈரக் களிமண்ணில் அழுத்தியிருக்கிறார். வில் வளைக்கும் வில்லாளி அப்படியே பதிந்திருக்கிறான். பலகையின் தேதி டேரியஸின் 22ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.மு. 500. வில்லாளிக் காசு எப்போது தொடங்கியது என்ற வாதத்தில் அந்தச் சின்னப் பதிவுதான் பெரிய சாட்சி.

வாதத்தின் மறு முனையும் இதே மண்டபத்தில்தான் கிடைத்தது. 1933இல் ஜெர்மன் தொல்லியலாளர் ஹெர்ஸ்ஃபெல்ட் தலைமையிலான அகழாய்வில் அபதானாவின் மூலைகளுக்கு அடியில் இரண்டு கல் பெட்டிகள் வெளிவந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பொன் தகடு, ஒரு வெள்ளித் தகடு. மும்மொழியில் டேரியஸின் வாசகம். பெட்டிகளுக்கு அடியில் காசுகள்: குரோசஸ் வகையான சிங்கம், காளைப் பொற்காசுகளும், கிரேக்க நகரங்களின் வெள்ளிக் காசுகளும். வில்லாளி ஒருவன்கூட இல்லை. மண்டபத்துக்கு அடிக்கல் போட்டபோது வில்லாளிக் காசு பிறக்கவில்லை என்பதுதான் பலருடைய முடிவு.

அந்தத் தகட்டின் வாசகத்தை நான் ஷிராஸ் விடுதியிலேயே எழுதி எடுத்து வந்திருந்தேன். என் ஆட்சி மத்திய ஆசியாவின் சொக்தியாவுக்கு அப்பால் உள்ள சகர்களிடமிருந்து ஆப்பிரிக்காவின் கூஷ் வரை, ஹிந்துவிலிருந்து (சிந்து) ஸ்பர்தா வரை என்கிறான் டேரியஸ். ஸ்பர்தாதான் சார்திஸ். எல்லை என்று எழுதிய அந்த ஊரின் பொற்காசையே எழுத்துக்கு அடியில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். வீடு கட்டும்போது நாம் நிலைக்கு அடியில் காசு போடுவதுண்டு. டேரியஸ் போட்டது பேரரசின் எல்லைக்கோடு. மண்டபத்தின் வடகிழக்கு மூலையில் நின்று அக்காவுக்கு இதைச் சொன்னபோது அவள் குனிந்து தரையைத் தொட்டாள்.

அதே படிக்கட்டின் முக்கோண மூலையில் சிங்கம் ஒன்று காளையின் பின்புறத்தைக் கவ்வுகிறது. குரோசஸ் காசின் சிங்கமும் காளையும் எதிரெதிரே நிற்கும். இங்கே சிங்கம் பாய்ந்தே விட்டது. ஒன்று மற்றொன்றிலிருந்து வந்ததா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு மிருகங்களும் மேற்காசியாவில் அதைவிடப் பழைய ஜோடி.

செவ்வாய், நக்‌ஷே ரொஸ்தம்

பெர்சிபோலிஸிலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே ஒரு செங்குத்துப் பாறை. மேலே சிலுவை வடிவில் குடைந்த நான்கு அரச சமாதிகள். கீழே, தரைக்குப் பக்கத்தில், எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த சாசானியர்களின் புடைப்புச் சிற்பங்கள். பழைய அரசர்களின் காலடியில் தங்கள் இடத்தைத் தாங்களே செதுக்கிக்கொண்டார்கள்.

டேரியஸின் சமாதி மட்டும் எழுத்தால் உறுதியானது. அதன் உச்சியில் அரசன் மூன்று படி மேடைமேல் நிற்கிறான். இடது கையில் வில், அதன் நுனி பாதத்தில் ஊன்றியிருக்கிறது. வலது கை முன்னால் உயர்ந்திருக்கிறது. எதிரே நெருப்பு மேடை, அதன்மேல் தீக்கொழுந்து. நடுவானில் சிறகுள்ள வளையத்துக்குள் ஓர் உருவம், ஓரத்தில் நிலா. தொலைநோக்கியை அக்காவிடம் கொடுத்துவிட்டு நான் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். சிக்ளோஸின் முன்பக்கம் வில். சாசானியக் காசின் பின்பக்கம் நெருப்பு. இரண்டும் இந்த ஒரே பாறையில், ஒரே மனிதனின் இரு பக்கத்தில் இருக்கின்றன. அகாமனிசிய அரசர்கள் காசுக்கு வில்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நெருப்பு காசின் பின்பக்கத்தில் இடம்பிடிக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின.

அந்த இடைவெளியில் ஒரு படி இங்கேயே நிற்கிறது. பாறைக்கு எதிரே சதுரக் கோபுரம், சரத்துஸ்தரின் காபா என்று பிற்காலத்தில் பெயர் வைத்தார்கள். அலெக்சாண்டருக்குப் பின் கி.மு. 3, 2ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பார்ஸ் பகுதியைப் பிரதரகர்கள் என்ற உள்ளூர் ஆட்சியாளர்கள் ஆண்டார்கள். பகதாத், வாத்பிரதாத் போன்றவர்கள். அவர்கள் காசின் பின்பக்கத்தில் ஒரு கோபுரக் கட்டடம், அதன் முன் கையுயர்த்தி நிற்கும் ஆட்சியாளன், பக்கத்தில் ஒரு கொடி. சில காசுகளில் மேலே சிறகுள்ள உருவமும் உண்டு. கட்டடம் இந்தக் கோபுரம்தான் என்பார் சிலர், நெருப்பு மேடை என்பார் சிலர். கோபுரத்தின் முன் நின்று கைப்பேசியில் காசின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் விளிம்பின் வேலைப்பாடு வேறு. ஆனால் நிற்கிறவனின் நிலை அச்சு அசலாக மேலே டேரியஸ் நிற்கும் நிலை. எனக்கு அது போதுமாக இருந்தது: கிரேக்கர் ஆட்சியிலும் அந்தச் சமாதிச் சிற்பத்தை யாரோ அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இனி அர்தஷிர். பாறையின் கீழே அவனும் கடவுளும் குதிரைமேல் எதிரெதிரே. அகுரா மஸ்தா நாடா கட்டிய வளையத்தை நீட்டுகிறார், அவன் வாங்குகிறான். அவன் குதிரையின் குளம்பில் கடைசிப் பார்த்திய அரசன். கடவுளின் குதிரைக் குளம்பில் தீமையின் உருவமான அஹ்ரிமன். குதிரை உடம்பில் எழுத்து, மூன்று மொழியில்: இது மஸ்தாவை வணங்கும் அர்தஷிரின் உருவம், ஈரானின் அரசர்க்கரசன், கடவுளர் வழித்தோன்றல். சனிக்கிழமை காசில் பார்த்த அதே வாசகம். பாரிஸில் இருந்த மொழியறிஞர் சில்வெஸ்தர் த சாசி, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், இந்த வாசகத்தின் கிரேக்கப் பிரதியை வைத்துக்கொண்டுதான் பகலவியை வாசித்தார். அப்படியே காசுகளையும் வாசித்தார். ஊருக்கே வராமல், மற்றவர்கள் எழுதி எடுத்துப்போன பிரதிகளை வைத்து! அதை நினைத்தால் இன்னமும் வியப்பாக இருக்கிறது.

கோபுரத்தின் சுவரிலும் எழுத்து உண்டு. அர்தஷிரின் மகன் முதலாம் ஷாபூர் தன் போர்களையும் அறக்கொடைகளையும் எழுதிவைத்தது. ரோமப் பேரரசர் பிலிப் தன் மக்களின் உயிருக்காக ஐந்து லட்சம் தினார் கொடுத்தார் என்று ஒரு வரி. அடுத்து, ஷாபூர் நிறுவிய நெருப்புகளின் பட்டியல். தனக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, மகன்களுக்கு ஒவ்வொன்று. அரச குடும்பத்தார் ஒவ்வொருவர் ஆன்மாவுக்காகவும் நாள்தோறும் ஓர் ஆட்டுக்குட்டி, இவ்வளவு ரொட்டி, இவ்வளவு மது என்று நிவந்தம். தஞ்சைக் கோயில் சுவரில் விளக்குக்கு நெய் எழுதிவைத்ததை வாசித்துப் பழகியவர்களுக்கு இந்தக் கல்வெட்டு அந்நியமாக இருக்காது. காசின் பின்பக்கத்து நெருப்பு வெறும் சின்னம் இல்லை. நிலமும் வருமானமும் வேலைக்காரர்களும் உள்ள ஒரு நிறுவனம்.

புதன், பிஷாபூர்

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்த நாள். ஷிராஸிலிருந்து மேற்கே மலைப்பாதையில் இறங்கி, காஸெரூன் பக்கத்தில் பிஷாபூர். ரோமரை வென்ற ஷாபூர் கட்டிய நகரம். இந்த ஊர் அக்கசாலையின் குறியைப் பிற்காலக் காசுகளில் பார்க்கலாம். அக்காவுக்கு வளைவுகளில் தலை சுற்றியது. ஓட்டுநர் ஒரு கடையில் நிறுத்தி எலுமிச்சையும் உப்பும் வாங்கிக்கொடுத்தார்.

நகரத்தின் நடுவே இரண்டு தூண்கள் தனியாக நிற்கின்றன. ஷாபூரின் சிலை ஒன்று இங்கே நின்றிருந்தது. தூணில் உள்ள எழுத்து இப்படித் தேதி சொல்கிறது: பிரவர்தின் மாதம், ஆண்டு 58, அர்தஷிரின் நெருப்புக்கு ஆண்டு 40, ஷாபூரின் நெருப்புக்கு ஆண்டு 24.

இதை வாசித்ததும் காசு முழுவதும் புரிந்துவிட்டது. அரசன் அரியணை ஏறும்போது ஒரு நெருப்பை ஏற்றுகிறான். அவன் ஆட்சி எத்தனையாவது ஆண்டு என்பது அந்த நெருப்பின் வயது. முன்பக்கம் அவன் மகுடம், பின்பக்கம் அவன் நெருப்பு: இரண்டும் அவனோடு தொடங்கியவை. தந்தை இறந்த பிறகும் தந்தையின் நெருப்புக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, அதையும் மகன் எண்ணுகிறான். அர்தஷிர் காலத்தில் மேடை மட்டும் இருந்தது. ஷாபூர் காசில் மேடையின் இரு பக்கமும் ஆள் நிற்கத் தொடங்குகிறது. பிற்கால அரசர்கள் ஆட்சியாண்டை எண்ணாகவே அந்த ஆளுக்குப் பக்கத்தில் எழுதினார்கள், இன்னொரு பக்கத்தில் ஊர்க் குறி. அரசன் பெயர், ஆண்டு, ஊர், மூன்றும் ஒரே காசில் வந்துவிடுகிறது.

மதியத்துக்கு மேல் தாங்கே சோகான் பள்ளத்தாக்கு. ஆற்றின் இரு கரையிலும் ஆறு சிற்பங்கள். ஷாபூரின் வெற்றிக் காட்சியில் ஒரு ரோமப் பேரரசர் குதிரைக்கு அடியில், ஒருவர் மண்டியிட்டு, ஒருவர் மணிக்கட்டைப் பிடித்த பிடியில். கார்டியன், பிலிப், வலேரியன் என்று சொல்கிறார்கள். எல்லோரும் அங்கேதான் படம் எடுக்கிறார்கள்.

எனக்கு வேண்டிய சிற்பம் வேறு. அரசன் ஒருவன் கடவுளிடம் வளையம் வாங்குகிறான். வேலைப்பாட்டில் சாசானியச் சிற்பங்களிலேயே இதுதான் அழகு என்பேன். குதிரைக் காலின் நரம்புகூடத் தெரிகிறது. எழுத்து, இது நர்சே என்கிறது. நர்சே 293இல் ஆட்சியைப் பிடித்தவன்.

"அக்கா, மகுடத்தைப் பாரு," என்றேன்.

"கதிர் கதிரா இருக்கு. அன்னிக்குச் சூரியன்னு சொன்னியே, அவன் இல்லையா?"

அவனேதான். கதிர் மகுடம் முதலாம் பஹ்ராமுடையது, 271 முதல் 274 வரை ஆண்டவன். நர்சேயின் அண்ணன். அண்ணனுக்குப் பின் அரியணை அண்ணன் மகனுக்கும் பேரனுக்கும் போனது. நர்சே இருபது ஆண்டுகள் காத்திருந்தான். ஆட்சிக்கு வந்ததும் அண்ணன் சிற்பத்தில் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டுத் தன் பெயரை எழுதச் செய்தான். குதிரைக்கு அடியில் விழுந்து கிடக்கும் எதிரியும் பிறகு சேர்த்தது என்கிறார்கள். மகுடத்தை மாற்ற முடியவில்லை. பஹ்ராமின் காசுகள் ஊர் ஊராகப் பரவிக் கிடந்ததால், ஆயிரத்து எழுநூறு ஆண்டுகள் கழித்தும் அந்தப் பாறையில் இருப்பது யார் என்று நமக்குத் தெரிகிறது. அரசன் ஆணையிட்ட கல்வெட்டை ஒரு வெள்ளிக் காசு மறுக்கிறது. காசுகளை நான் இவ்வளவு நேசிப்பதற்கு இந்த ஒரு பாறையே காரணமாக இருக்கலாம்.

வெயில் தாழும் வரை அங்கேயே இருந்தோம்.

வியாழன், யஸ்த் வழியில்

முழு நாளும் சாலை. பசார்கடேயில் சைரஸ் சமாதி முன் ஒரு மணி நேரம். அபர்கூவில் பல ஆயிரம் ஆண்டு வயதான சைப்ரஸ் மரத்தடியில் தர்பூசணி. இரவு யஸ்த்.

சனி, யஸ்த்

நேற்று ஓய்வு, அதனால் எழுதவில்லை. இன்று காலை ஆதஷ் பஹ்ராம், சரத்துஸ்தர் மதத்தவரின் நெருப்புக் கோயில். கட்டடம் 1934இல் வந்தது, பம்பாய்ப் பார்சிகளின் பணத்தில். முகப்பில் சிறகு விரித்த உருவம், முன்னால் வட்டக் குளம். உள்ளே எரியும் நெருப்பு கட்டடத்தைவிடப் பல மடங்கு பழையது. கி.பி. 470 வாக்கில் ஏற்றியது, ஊர் ஊராக இடம் மாற்றிக் காப்பாற்றி 1474இல் யஸ்துக்குக் கொண்டுவந்தது என்று இங்குள்ள மரபு சொல்கிறது. அதன்படி பார்த்தால் பெரோஸ் என்ற சாசானிய அரசனின் காலம். ஹெப்தலைட் ஹூணர்களிடம் சிறைப்பட்டு, மீட்புப் பணமாக மூட்டை மூட்டையாக வெள்ளிக் காசு கட்டியவன். அந்தக் காசுகள் மத்திய ஆசியா வழியாக இந்தியாவுக்குள் வந்தன. குஜராத், ராஜஸ்தான், மாளவம் பகுதிகளில் அவற்றைப் பார்த்துப் பார்த்து உள்ளூரில் அடித்தார்கள். அரசன் முகம் கோடுகளாகவும் நெருப்பு மேடை புள்ளிகளாகவும் தேய்ந்து, கதையா பைசா என்ற பெயரில் 12ஆம் நூற்றாண்டு வரை புழங்கின. அடித்தவர்களுக்கு அது நெருப்பு என்று தெரிந்திருக்குமா!

கண்ணாடிக்கு அப்பால் பெரிய வெண்கலக் கலசத்தில் நெருப்பு. வாதுமை, ஆப்ரிகாட் கட்டைகள் போடுவார்களாம். நெருப்பில் மூச்சுக்காற்று படாதபடி பூசாரி வாயை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டுதான் அருகே போவார். அக்கா கைகூப்பிக்கொண்டு நின்றாள். நான் அந்தக் கலசத்தின் வடிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாசானிய அரசு 651இல் முடிந்தது. கடைசி அரசன் மூன்றாம் யஸ்தெகெர்த் மெர்வ் அருகே கொல்லப்பட்டான். ஆனால் காசு நிற்கவில்லை. அரபு ஆளுநர்கள் குஸ்ரோவின் முகத்தையும் நெருப்பு மேடையையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஓரத்தில் மட்டும் பிஸ்மில்லா என்று அரபியில் சேர்த்து அடித்தார்கள். சில காசுகளில் ஆண்டுக் கணக்குக்கூட இறந்துபோன யஸ்தெகெர்த்தின் ஆண்டாகவே தொடர்ந்தது. 690களின் இறுதியில் கலீபா அப்துல் மாலிக் உருவங்களை எல்லாம் நீக்கி எழுத்து மட்டுமே உள்ள காசைக் கொண்டுவரும் வரை இது நடந்தது. காஸ்பியன் கரையில் தபரிஸ்தானில் மட்டும் இன்னும் நூறு ஆண்டு நெருப்பு மேடை காசில் இருந்தது. சந்தையில் மக்கள் நம்பிய வெள்ளி அது. புதிதாக வந்தவர்கள் அந்த நம்பிக்கையைக் கலைக்காமல் விட்டது பெரிய நிதானம் என்று நினைக்கிறேன்.

மாலையில் மொட்டைமாடியில் தேநீர் குடித்தபடி அக்கா கேட்டாள், இந்தக் காசு நம்ம பக்கம் வந்திருக்கிறதா என்று. சென்னைப் பரங்கிமலைச் சிலுவையைச் சுற்றி ஓடுவது பகலவி எழுத்துதான் என்றேன்; பாரசீகக் கிறிஸ்தவ வணிகர்களின் தொடர்பில் வந்தது. காசைப் பற்றிய கதை இலங்கையில் நடக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கிரேக்கர் எழுதியது. இலங்கை அரசர் அவையில் சோபத்ரோஸ் என்ற ரோம வணிகரும் ஒரு பாரசீகரும் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறார்கள். யாருடைய அரசர் பெரியவர் என்று அரசர் கேட்கிறார். எங்கள் அரசர்தான் என்று பாரசீகர் முந்திக்கொள்கிறார். இரண்டு அரசர்களும் இங்கேயே இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சோபத்ரோஸ் காசுகளைக் கொண்டுவரச் சொல்கிறார். ரோமக் காசு பொன், பளபளவென்று. பாரசீகக் காசு வெள்ளி. அரசர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ரோமர்களே பெரியவர்கள் என்கிறார்.

"தங்கத்தையும் வெள்ளியையும் பக்கத்துல வச்சா யாரானாலும் தங்கம்னுதான் சொல்வாங்க. எடைக்கு எடை, மாற்றுக்கு மாற்று பார்த்திருக்கணும்," என்றாள் மதிப்பீட்டாளர்.

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாசானிய வெள்ளி சற்றேறக்குறைய நான்கு கிராமில் நின்று, நூற்றாண்டுக் கணக்கில் தரம் குறையாமல் இருந்தது. அகலமாகவும் மெல்லியதாகவும் அடித்ததால் தட்டையாகத் தெரியும், அவ்வளவுதான். கதையைச் சொன்ன காஸ்மாஸும் ரோமர் பக்கத்து ஆள். அந்தப் பாரசீகர் அவையில் அதற்குமேல் என்ன பேசினார் என்று அவர் எழுதவில்லை. நான் அந்த இடத்தில் நின்றிருந்தால், இந்த மகுடம் எந்த அரசனுடையது, இந்த நெருப்புக்கு இப்போது வயது என்ன, இந்தக் காசை அடித்த ஊர் எது என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டியிருப்பேன்.